ஜாம் பாட்டிலில் எடுத்த டீசல்

வண்டி இழுக்கவில்லை என்று யார் வந்து நின்றாலும் மெக்கானிக் முதலில் கேட்பது ஒன்றுதான். "கடைசியா இதுல கை வெச்சது யாரு?" பதில் எங்கே கை காட்டுகிறதோ அங்கேதான் அவருடைய ஸ்பானர் முதலில் போகும். முக்கால்வாசி வண்டிகளுக்கு அங்கேயே வேலை முடிந்துவிடும். பக்கத்துத் தெரு ஒர்க்‌ஷாப்காரர் மாட்டிய கிளிப் தளர்ந்திருந்தது என்றால் மெக்கானிக்குக் கொண்டாட்டம். அதைக் கழற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பாருங்க அழக" என்று வண்டிக்காரரிடம் காட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

அன்றைக்கு மட்டும் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "நீங்கதானே" என்று பதில் வந்திருக்கும்.

வந்த வண்டி குழந்தைகள் டாக்டருடையது. டாக்டரம்மாவுக்கு ஊரில் இரண்டு கிளினிக்குகள். நடுவில் ஒரு நீளமான மேம்பாலம். டீசல் வண்டி, சாம்பல் நிறம், உயரமான உடம்பு. அதையும் கிளினிக் ஆம்புலன்ஸையும் பார்த்துக்கொள்வது மெக்கானிக்தான். வண்டியை ஓட்டுவது அவருடைய தங்கையின் கணவர். வேலைக்குச் சேர்த்துவிட்டதும் இவரே. தங்கை வாய்விட்டுக் கேட்டதால் செய்தாரே தவிர, மாப்பிள்ளை மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. தங்கை அவரைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்று கட்டிக்கொண்டவள். மாப்பிள்ளையோ எதற்கெடுத்தாலும் சிரிப்பவர். வேலை போனாலும் சிரிப்பு, கிடைத்தாலும் சிரிப்பு. இப்படி எல்லாவற்றுக்கும் சிரிக்கிறவன் எதையும் ஒழுங்காகச் செய்ய மாட்டான் என்பது மெக்கானிக்கின் கட்சி. ஒழுங்காகச் செய்து காட்டினாலும் அவர் கட்சி மாறுகிற ஆள் இல்லை.

மேம்பாலத்தின் ஏற்றத்தில், பின்னால் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வர, வண்டியின் இழுவை சட்டென்று செத்துப்போயிருக்கிறது. நிற்கவில்லை, ஆனால் ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் மாட்டு வண்டி வேகம்தான். உள்ளே டாக்டரம்மா. அந்தப் பக்கத்து கிளினிக்கில் மூச்சுத் திணறும் ஒரு குழந்தை. எப்படியோ உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்து, குழந்தையைப் பார்த்து, அது பிழைத்து, அதற்கப்புறம் நேராக ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிட்டார்கள்.

மெக்கானிக் ஸ்கேனரைக் கொண்டுவந்து ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகினார். மாப்பிள்ளை அந்த நிலைமையிலும் சும்மா இருக்கவில்லை.

"என்ன மச்சான், உங்க ஜோசியர் என்ன சொல்றாரு? வண்டிக்கு சனி புடிச்சிருக்கா?"

டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார். மெக்கானிக்குச் சுருக்கென்றது. ஆளைச் சேர்த்துவிட்ட பாவத்துக்கு இந்த அம்மா முன்னால் நான் தலைகுனிய வேண்டுமா என்று இருந்தது.

ஸ்கேனரில் ஒரே ஒரு எரர் கோடு, கோளாறைச் சொல்லும் எண், வந்தது. இன்ஜினுக்குப் போகும் டீசலின் அழுத்தம் குறைவு. அவ்வளவுதான். அழுத்தம் ஏன் குறைந்தது என்று அந்த மெஷின் சொல்வதில்லை. பம்ப் தேய்ந்திருக்கலாம், பில்டர் அடைத்திருக்கலாம், குழாயில் காற்று நுழையலாம், இன்ஜெக்டர் ஒழுகலாம், அழுத்தத்தை அளக்கும் சென்சாரே பொய் சொல்லலாம். இதெல்லாம் மெக்கானிக்குத் தெரியாதா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பில்டர் என்ற சொல் அவர் மனதில் வந்தும்விட்டது. போன சர்வீஸில் அதை மாற்றியது தன் கைதான் என்பதும் கூடவே வந்தது. அதை அவர் கொசுவை விரட்டுவதுபோல விரட்டிவிட்டார்.

"டீசல எடுத்துப் பார்ப்போம்" என்றார்.

பில்டருக்கு அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கும். அதைத் தளர்த்தி, பெஞ்சு மேல் கிடந்த ஒரு ஜாம் பாட்டிலில் கொஞ்சம் டீசலை இறக்கினார். நட்டு போல்ட்டுகளை ஊறப்போடுவதற்கு வைத்திருந்த பாட்டில் அது. உள்ளே இருந்ததைக் கீழே ஊற்றிவிட்டுத் துணியால் ஒரு துடை துடைத்துக்கொண்டார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். முகம் மாறியது.

"மண்ணெண்ணெய் வாடை அடிக்குது" என்றார்.

டாக்டரம்மாவும் முகர்ந்து பார்த்தார். "ஆமா, அடிக்குது."

"டீசல் சுத்தமில்லைங்க டாக்டர். கலப்படம். இத எங்க அடிச்சாங்க, எப்படி அடிச்சாங்கன்னு டிரைவரத்தான் கேக்கணும்."

மாப்பிள்ளையின் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். அப்புறம்தான் போயிற்று.

"நான் எப்பவும் ஒரே பங்க்லதான் அடிக்கறேன் டாக்டர். உங்களுக்கே தெரியும்."

"எப்பவுமா?" என்றார் மெக்கானிக்.

மாப்பிள்ளை யோசித்தார். பொய் சொல்லத் தெரிந்தவராக இருந்தால் யோசித்திருக்க மாட்டார். "போன வாரம் ஒருக்கா அங்க பெரிய கூட்டம். பக்கத்து ரோட்டுல இருக்கற பங்க்ல அடிச்சேன். அதுவும் நல்ல பங்க்தான்."

"ம்" என்றார் மெக்கானிக். அந்த ஒரு "ம்" போதுமாயிருந்தது. நல்ல டீசலை விற்றுவிட்டு மலிவானதைக் கலந்து ஊற்றும் டிரைவர்களைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரியும். டாக்டரம்மாவுக்கும் தெரியும். மெக்கானிக் வாயால் திருட்டு என்று ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. சொந்த மச்சானே இப்படிச் சொல்கிறார் என்றால் உண்மையில் நடந்தது இதைவிட மோசமாகத்தான் இருக்கும் என்று டாக்டரம்மாவே மீதியைக் கணக்குப் போட்டுக்கொண்டார்.

அவர் நல்ல மனுஷி. சத்தம் போடவில்லை. "நான் யாரையும் குத்தம் சொல்லல. ஆனா ஒரு குழந்தைய பார்க்கப் போற வண்டி நடுப் பாலத்துல மக்கர் பண்ணக் கூடாது. நீங்க வேற வேலை பார்த்துக்கோங்க" என்றார். மாப்பிள்ளை சாவியை எடுத்து பானட் மேல் வைத்தார். வைத்துவிட்டு மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் ஸ்கேனரின் ஒயரைச் சுற்றுவதில் மும்முரமாக இருந்தார். பழைய டீசலை இறக்கிப் புதிதாக நிரப்பி, ஸ்கேனரில் இருந்த எரர் கோடை அழித்துவிட்டு, "இனிமே பிரச்சினை வராதுங்க" என்று வண்டியை அனுப்பினார்.

டாங்க் நிறைய டீசல் இருந்தவரை பிரச்சினை வரவும் இல்லை.

அந்த வாரம் தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, நீ சொன்னது நெசமா? இவரு இல்லங்கறாரு."

"டீசல கண்ணால பார்த்தேன் தாயி. மூக்கால பார்த்தேன். மெஷினும் சொல்லுது. இதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

"அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லண்ணே."

"நீ அப்படித்தான் சொல்லுவ."

பிறகு அவள் "சரிண்ணே" என்று வைத்துவிட்டாள். சின்ன வயதில் இருந்தே அண்ணன் சொன்னால் அவளுக்கு அதற்கு மேல் அப்பீல் கிடையாது. கல்யாண விஷயத்தில் ஒரு தடவைதான் அவள் மீறினாள். அந்தத் தடவை மீறியது தப்பு என்று நிரூபணம் ஆனதில் மெக்கானிக்குக் கொஞ்சம் திருப்தியும் இருந்தது. அதை அவர் தன் மனைவியிடம்கூட ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அன்று இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

மாப்பிள்ளை வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடும் வேலைக்குப் போனார். மாடி மாடியாகத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறும் வேலை.

டாக்டரம்மாவின் வண்டிக்குப் புது டிரைவர் வந்தார். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். கேட்டால் பதில் சொல்வார், கேட்காவிட்டால் ஊமை. மெக்கானிக்குப் பிடித்த மாதிரி ஆள். அவர் அந்த வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குள் கொண்டுவந்து நிறுத்தி, "ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது" என்றபோது மெக்கானிக் கையில் இருந்த டீ கொஞ்சம் சிந்தியது.

ஸ்கேனரை மாட்டினார். இந்தத் தடவை இரண்டு கோடுகள். ஒன்று பழையது. இன்னொன்று, இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போவில் காற்றழுத்தம் போதவில்லை என்றது. மெக்கானிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டர்போ! அப்படியென்றால் இது வேறு நோய். முன்னால் நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு நாள் டர்போவோடு மல்லுக்கட்டினார். ரப்பர் பைப்புகளைக் கழற்றி விரல்விட்டுத் தடவிப் பார்த்தார். சோப்புத் தண்ணீர் ஊற்றி எங்காவது காற்று கசிகிறதா என்று பார்த்தார். டர்போ சக்கரத்தை விரலால் சுற்றினார். ஆட்டமும் இல்லை, உரசலும் இல்லை. டீசல் போதாமல் இன்ஜின் மூச்சு வாங்கும்போது டர்போவும் சுற்றாது, அதற்கும் ஒரு கோடு விழும் என்பது அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்துகொள்ள இஷ்டமில்லாமல் இருந்தது.

கடைசியில் வேறு வழியில்லாமல் பில்டருக்கு அடியில் இருந்த திருகைத் தளர்த்தி, ஜாம் பாட்டிலில் கொஞ்சம் டீசலை இறக்கி முகர்ந்து பார்த்தார். மண்ணெண்ணெய் வாடை.

டாக்டரம்மாவுக்கு போன் போட்டார். "மறுபடியும் கலப்படம்தாங்க. இந்த டிரைவரும் சரியில்ல போலிருக்கு."

"என்னது? கடைசியா டீசல் அடிச்சப்ப அவர் கூட நானேதான் பங்க்குக்குப் போனேன். என் கண் முன்னாடி அடிச்சாங்க."

மெக்கானிக் போனை வைத்தார். பிறகு மெதுவாகத் தன் விரல்களை மூக்குக்குக் கொண்டுபோனார். மண்ணெண்ணெய். இத்தனை வருஷமாக நட்டு போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவுகிற கை. பாட்டிலை முகர்ந்தார். அதுவும் மண்ணெண்ணெய். அவர் எதைக் கையில் எடுத்து முகர்ந்திருந்தாலும் அன்றைக்கு அதே வாடைதான் வந்திருக்கும். கோயில் தீர்த்தத்தைக் கொடுத்திருந்தாலும் கலப்படம் என்றுதான் சொல்லியிருப்பார்.

குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினார். கடையில் ஒரு புதுத் தண்ணீர் பாட்டில் வாங்கி, தண்ணீரைக் கொட்டி, உலர்த்தி, டீசலைப் பிடித்தார். சுத்தமான டீசல் வாடை. பஸ் டிரைவரிடமும் நீட்டினார்.

"டீசல்" என்றார் அவர். அவரிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

அதற்குப் பிறகு மெக்கானிக் செய்ததெல்லாம் சரியான வேலை. அவருக்கு வேலை தெரியும், அதில்தான் வயிற்றெரிச்சலே. முதல் நாளே செய்திருக்க வேண்டியதை இப்போது வரிசையாகச் செய்தார். ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு பஸ் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மேம்பாலத்துக்குப் போனார். இன்ஜின் கேட்கும் அழுத்தம் ஒரு எண். கிடைக்கும் அழுத்தம் ஒரு எண். சமதளத்தில் இரண்டும் ஜோடியாகப் போயின. ஏற்றத்தில் கேட்கும் எண் மேலே ஏற, கிடைக்கும் எண் சரிந்து விழுந்தது. திரும்பி வந்து பில்டருக்கும் பம்புக்கும் நடுவில் இருந்த கறுப்புக் குழாயைக் கழற்றிவிட்டு, உள்ளே ஓடுவது தெரிகிற மாதிரி ஒரு கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். பிளாஸ்டிக்தான், பெயர் மட்டும் கண்ணாடிக் குழாய்.

"ரேஸ் பண்ணுங்க" என்றார்.

இன்ஜின் உறுமியது. டீசலோடு குமிழிகள் வரிசை வரிசையாக ஓடி வந்தன. லைன் ஏர் எடுக்கிறது, குழாய்க்குள் எங்கிருந்தோ காற்று நுழைகிறது. எங்கிருந்து? கண்ணாடிக் குழாயை பில்டருக்கு முன்னால் மாற்றிப் போட்டுப் பார்த்தார். ஒரு குமிழிகூட இல்லை. ஆக டாங்கிலும் இல்லை, வருகிற வழியிலும் இல்லை. பில்டரில்தான்.

மூடியைத் திறந்தார். மூடிக்கு அடியில் உட்கார வேண்டிய ரப்பர் வளையம் ஓர் இடத்தில் முறுக்கிக்கொண்டு, நசுங்கி, வெட்டுப்பட்டிருந்தது. மாட்டுவதற்கு முன் அதில் கொஞ்சம் டீசலைத் தடவிவிட்டால் வழுக்கிக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்துவிடும். காய்ந்தபடியே வைத்து மூடியை இறுக்கினால் இப்படித்தான் ஆகும். டாங்க் நிறைந்திருக்கும்போது தெரியாது. டீசல் இறங்கி, ஏற்றத்தில் பம்ப் பலமாக உறிஞ்சும்போது அந்தக் கிழிசல் வழியாகக் காற்றையும் சேர்த்து இழுக்கும்.

கடைசியா இதுல கை வெச்சது யாரு?

பில்டர் மாற்றிய அந்த நாள் நினைவுக்கு வந்தது. மாப்பிள்ளை பக்கத்தில் நின்று ஏதோ கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். இவர் எரிச்சலில் அவசர அவசரமாக மூடியைப் போட்டு இறுக்கினார். அன்னிக்கு அந்த ஆளு பேச்சுக் குடுக்காம இருந்திருந்தா நான் ஒழுங்கா மாட்டியிருப்பேன் என்று ஓடியது அவர் புத்தி. வளையம் உள்ளங்கையில் இருக்கும்போதே, அதற்கும் மாப்பிள்ளை மேலேயே பழியைப் போடப் பார்த்தது. அதை உணர்ந்ததும் அவருக்குத் தன் மேல் அருவருப்பாக இருந்தது. புது வளையம் ஒன்றை எடுத்து, டீசலைத் தடவி மாட்டினார்.

சாயங்காலம் டாக்டரம்மா வந்தார். வண்டியை ஓட்டிப் பார்த்து, பழையபடி இழுக்கிறது என்று சந்தோஷமாகத் திரும்பினார்.

"என்னதான் இருந்துச்சு?"

மெக்கானிக் வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்லத்தான் திறந்தார். ஆனால் சொன்னால் டாக்டரம்மாவின் வண்டியும் போகும், ஆம்புலன்ஸும் போகும், தங்கை புருஷனையே மாட்டிவிட்டவன் என்ற பேர் வரும். எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன.

"ஒரு சென்சார் கோளாறுங்க" என்றார்.

"அப்ப அன்னிக்கு டீசல் காரணம் இல்லையா?"

"அதுவும்தாங்க. கெட்ட டீசல் பட்டுத்தான் சென்சார் போயிருக்கும்."

சொன்ன பிறகு அவருக்கே தன் குரல் அன்னியமாகக் கேட்டது. முதல் தடவை சொன்னது தெரியாமல் சொன்னது என்றாவது சாக்குச் சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்ன சாக்கு? டாக்டரம்மா நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்குப் போய்க் கையைக் கழுவினார். வந்து உட்கார்ந்தவர் எழுந்து போய் மறுபடியும் கழுவினார். மூன்றாம் தடவை எழுந்தபோது மனைவி தட்டை நகர்த்திவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அந்தக் கை தேஞ்சு போறதுக்குள்ள என்னன்னு சொல்லுங்க."

சொன்னார். ஒன்றுவிடாமல் சொன்னார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை. "அவரு ரெண்டாவது மாடிக்குத் தண்ணி கேன் தூக்கிட்டுப் போறத போன வாரம் பார்த்தேன். பார்க்காத மாதிரி வந்துட்டேன்" என்றாள். பிறகு, "நாளைக்கு டாக்டர்கிட்ட சொல்லிக்கலாம். மொதல்ல உங்க தங்கச்சிகிட்ட போங்க. இப்பவே போங்க. வந்து சாப்பிடலாம்" என்றாள்.

தங்கையின் வீடு ஒரே அறையும் சமையலறையும். கதவு திறந்திருந்தது. தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை ஒரு மூலையில் படித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை இன்னும் வேலையிலிருந்து வரவில்லை.

"வாண்ணே. என்ன திடீர்னு? அண்ணி வரலயா?"

முகம் தெளிவாக இருந்தது. போனில் பேசியபோது இருந்த கனம் இல்லை. அது மெக்கானிக்குக் கொஞ்சம் தைரியம் தந்தது. பிள்ளையை வெளியே விளையாடப் போகச் சொல்லிவிட்டு, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், "மாப்ள எப்படி இருக்காரு?" என்றார்.

"நல்லாயிருக்காரு. உன்கிட்ட சொல்லணும்னே இருந்தேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஒத்துக்கிட்டாருண்ணே."

"எத?"

"டீசல் விஷயத்தத்தான். மொதல்ல இல்ல இல்லன்னுதான் சொன்னாரு. புள்ள மேல சத்தியம் பண்ணுங்கன்னேன். மாட்டேன், புள்ளய இதுல இழுக்காதன்னாரு. அப்பவே எனக்கு உறுதியாயிடுச்சு. ஒரு வாரம் நான் அவரோட பேசல. சோத்த போட்டு வெச்சுட்டு அந்தப் பக்கம் போயிடுவேன். அப்புறம் ஒரு நாள் அவரா வந்து, ஆமா, நான்தான் செஞ்சேன், போதுமான்னாரு."

மெக்கானிக்குக் காது அடைத்துக்கொண்டது.

"நான் அழுதேன்ணே. அழுதுட்டு, சரி, போனது போகட்டும், நான் மன்னிச்சுட்டேன்னு சொன்னேன். தலைய ஆட்டிட்டு சாப்பிட்டாரு. அதுலேர்ந்து வீடு அமைதியா இருக்கு. வேலைக்குப் போறாரு, வராரு. முன்ன மாதிரி வெட்டிப் பேச்செல்லாம் இல்ல. நீ அன்னிக்கு மூஞ்சிக்கு நேரா சொன்னது நல்லதாத்தான் போச்சு."

"அவரு செய்யல" என்றார் மெக்கானிக்.

"என்னண்ணே?"

"அவரு எதையும் கலக்கல. டீசல் சுத்தமாத்தான் இருந்துச்சு. மண்ணெண்ணெய் வாடை என் பாட்டில்ல, என் கையில. வண்டி இழுக்காம போனது நான் தப்பா மாட்டுன ரப்பர் வளையத்தால. இன்னிக்குத்தான் கண்டுபிடிச்சேன். கண்டுபிடிச்சதுக்கு அப்புறமும் டாக்டர்கிட்ட பொய் சொல்லிட்டு வந்திருக்கேன்."

அவள் கையில் இருந்த துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"அப்புறம் ஏன் ஒத்துக்கிட்டாரு?"

கேட்டபோதே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. துணியை மடியில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மெக்கானிக் போனை எடுத்தார். நாளைக்கு என்று விட்டால் மறுபடியும் ஏதாவது சென்சார் வந்து குறுக்கே நிற்கும் என்று அவருக்குத் தன்னைப் பற்றித் தெரியும். டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, தங்கை எதிரிலேயே, கோர்ட்டில் சொல்வது மாதிரி எல்லாவற்றையும் சொன்னார். வளையம், பாட்டில், கை, இன்றைக்குச் சொன்ன பொய்.

"அவர நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லுங்க. நானே மன்னிப்புக் கேக்கணும்" என்றார் டாக்டரம்மா. பிறகு, "வண்டிய இனிமே நான் வேற இடத்துல விட்டுக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

"இல்லைங்க" என்றார் மெக்கானிக். போனைக் கீழே இறக்கியபோதுதான் வாசலில் மாப்பிள்ளை நிற்பதைப் பார்த்தார்.

சட்டையின் ஒரு தோள் மட்டும் நனைந்திருந்தது, கேன் சுமக்கும் தோள். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. உள்ளே வந்து சுவரோரமாக உட்கார்ந்தார்.

"மாப்ள" என்றார் மெக்கானிக். யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. "என்னை மன்னிக்க வேணாம். நாளைக்கு வேலைக்குப் போங்க. டாக்டரம்மா வரச் சொல்லிட்டாங்க."

"கேட்டேன் மச்சான்." கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு மட்டும் கேக்கறேன். அன்னிக்கு அந்த பில்டர நீங்க மாத்துனது உங்களுக்கு ஞாபகம் வரலயா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை.

"வந்துச்சு" என்றார் மெக்கானிக்.

மாப்பிள்ளை தலையை ஆட்டினார். தங்கை எழுந்து வந்து அவர் எதிரே உட்கார்ந்தாள். "நீங்க செய்யலதானே? எனக்கு இப்பத் தெரியுதுங்க. நான் பாவி. அப்பவே நம்பியிருக்கணும். இப்ப நம்பறேங்க" என்று அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மாப்பிள்ளை அவள் கையை விலக்கவில்லை. மெக்கானிக்கைப் பார்த்துத்தான் பேசினார். கோபம் இருந்திருந்தால் மெக்கானிக்குத் தாங்குவது சுலபமாக இருந்திருக்கும்.

"செய்யலன்னு நான் சொன்னப்ப இவ நம்பல மச்சான். செஞ்சேன்னு பொய் சொன்னதும் நம்பிட்டா. இப்ப நீங்க வந்து செய்யலன்னு சொன்னதும் நம்பறா. நான் சொன்ன நெசத்த மட்டும் ஒரு தடவகூட நம்பல. வேலைய டாக்டரம்மா திருப்பிக் குடுத்துட்டாங்க. இத யாரு திருப்பிக் குடுப்பாங்கன்னுதான் தெரியல."

தங்கையின் அழுகை நின்றுவிட்டது. அவர் முழங்காலில் இருந்து கையை எடுத்தாள். மெக்கானிக் எதையாவது சொல்ல வாயெடுத்தார். தான் எதைச் சொன்னாலும் அதையும் அவள் நம்பிவிடுவாள் என்று தோன்றியதும் மூடிக்கொண்டார்.

"சரி, உங்க அண்ணனுக்கு டீ போடு. வந்ததுலேர்ந்து சும்மா உக்காந்திருக்காரு" என்றார் மாப்பிள்ளை.

அவள் எழுந்து போனாள். டீ வந்தது. வேண்டாம் என்று சொல்லும் யோக்கியதைகூட மெக்கானிக்குத் தனக்கு இருப்பதாகத் தெரியவில்லை. வாங்கிக்கொண்டார். சர்க்கரை போட மறந்திருந்தாள். அவர் அதைச் சொல்லாமல் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.